வங்காள விரிகுடாவின் நாளைய நீரோட்டம்: செயற்கைக்கோள் காட்டுவதும் கணக்கு சொல்வதும்

கேள்வி: செயற்கைக்கோளை வைத்து வங்காள விரிகுடாவில் நீரோட்டம் எப்படி மாறும், மீன் எங்கே கூடும் என்று அன்றன்றைக்குச் சொல்கிறார்களே, அது எப்படி நடக்கிறது? எவ்வளவு நம்பலாம்? கணினி தெரிந்த ஒருவர் வீட்டிலிருந்தே செய்து பார்க்க முடியுமா?

பதில்: இதில் இரண்டு வேறு வேலைகள் ஒன்றாகக் கலந்து பேசப்படுகின்றன. முதலில் அதைப் பிரித்துவிடலாம்.

ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், மீன்பிடிக்க உகந்த இடங்கள் என்று தமிழிலும் அறிவிப்பு தருகிறது. எந்த இறங்குதளத்திலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டர், அங்கே ஆழம் என்ன, அட்சரேகை தீர்க்கரேகை என்ன என்று அதில் இருக்கும். இது பெரும்பாலும் செயற்கைக்கோள் ஏற்கெனவே எடுத்த படத்தின் வாசிப்பு. கடலின் வெப்பமும் நிறமும் நேற்றோ இன்று காலையோ எப்படி இருந்தன என்பதிலிருந்து எழுதப்படுவது. நீரோட்டம், வெப்பநிலை, அலை உயரம் ஆகியவற்றை அடுத்த சில நாட்களுக்குச் சொல்வது வேறு வேலை. அது கணினிக்குள் ஓடும் ஒரு கடல். செயற்கைக்கோள் அங்கே அந்தக் கடலின் தவறுகளைத் திருத்தும் வாத்தியார் மட்டுமே. எந்த வரைபடத்தைக் கையில் எடுத்தாலும் அது படமா கணக்கா, அதற்குப் பின்னால் இருக்கும் அளவீட்டுக்கு வயது என்ன என்று கேட்பதிலிருந்துதான் நம்பகம் தொடங்குகிறது.

செயற்கைக்கோளுக்கு நீரோட்டம் தெரியாது

விண்ணிலிருந்து நீர் ஓடுவதை நேரடியாகப் பார்க்கும் கருவி இன்று வழக்கமான சேவையில் இல்லை. பார்க்க முடிவது கடல்மட்டத்தின் உயரம். ரேடார் துடிப்பைக் கீழே அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளப்பது உயரமானி. 1992இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்-பொசைடன், அதன் வழிவந்த ஜேசன் வரிசை, 2020 முதல் சென்டினல்-6 எல்லாம் சுமார் 1336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கடல்மட்டத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கின்றன. 2013இல் இஸ்ரோவும் பிரான்சும் சேர்ந்து ஏவிய சரல் செயற்கைக்கோளின் ஆல்டிகா கருவியும் இந்த வேலைக்கானதே.

அளந்த உயரம் அப்படியே பயன்படாது. புவியீர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லாததால் கடலுக்கு மேடு பள்ளம் உண்டு. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கடல்மட்டம், பூமியின் சீரான வடிவமாக எடுத்துக்கொள்ளும் கணித நீள்கோளத்தைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. உலகிலேயே பெரிய பள்ளம் அதுதான். ஆனால் ஈர்ப்போடு ஒத்துப்போகும் பள்ளம் என்பதால் தண்ணீர் அதை நோக்கி ஓடாது. அந்த மாபெரும் வடிவத்தைக் கழித்த பிறகு மிஞ்சும் சில பத்து சென்டிமீட்டர் ஏற்ற இறக்கத்தில்தான் நீரோட்டம் ஒளிந்திருக்கிறது.

சரிவிலிருந்து வேகம் எடுப்பது எளிய கணக்கு: ஈர்ப்பு முடுக்கத்தைச் சரிவால் பெருக்கி, அந்த அட்சரேகையின் கோரியாலிஸ் எண்ணால் (பூமி சுழல்வதால் ஓட்டம் பக்கவாட்டில் விலகும் அளவைச் சொல்லும் எண்) வகுக்க வேண்டும். சென்னை இருக்கும் 13 டிகிரியில் அந்த எண் நொடிக்கு 0.0000328. 100 கிலோமீட்டர் தூரத்தில் கடல்மட்டம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் நீரோட்டம் நொடிக்குச் சுமார் 30 சென்டிமீட்டர். இதே சரிவு 45 டிகிரியில் இருந்தால் பத்து சென்டிமீட்டர்கூட வராது. வெப்பமண்டலக் கடலில் சிறு சரிவே பெரிய ஓட்டத்தைக் காட்டும் என்பது வசதிபோலத் தோன்றும். மறுபக்கம், அளவீட்டுப் பிழையும் அதே அளவு பெருக்கப்படும். 50 கிலோமீட்டரில் 3 சென்டிமீட்டர் பிழை இருந்தால் சென்னைக்கு எதிரே நொடிக்கு 18 சென்டிமீட்டர் பொய் நீரோட்டம் முளைத்துவிடும். நிலநடுக்கோட்டுக்கு நெருங்க நெருங்க வகுக்கும் எண் பூஜ்யத்தை நோக்கிப் போவதால் இந்த முறையே கைகொடுக்காது.

கரைப் பக்கம் இன்னொரு சிக்கல். காற்றில் உள்ள நீராவி ரேடார் துடிப்பைத் தாமதப்படுத்தும். வெப்பமண்டலத்தில் அந்தத் தாமதம் முப்பது சென்டிமீட்டரையும் தாண்டும். அதைத் திருத்த உயரமானியுடன் ஒரு மைக்ரோஅலை மானி பறக்கிறது. அதன் பார்வைக்குள் நிலம் வந்துவிட்டால் திருத்தம் கெடும். ஆகவே கரையிலிருந்து 30, 40 கிலோமீட்டருக்குள் எடுத்த உயரத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஃபைபர் படகுகளும் நாட்டுப்படகுகளும் பெரும்பாலும் தொழில் செய்வது அந்த இடத்தில்தான் என்பது இந்தத் துறையின் பெரிய முரண்.

இடைவெளியும் உண்டு. ஜேசன் வகைச் செயற்கைக்கோள் ஒரே தடத்துக்குத் திரும்ப ஏறக்குறைய 10 நாள் ஆகும். நிலநடுக்கோட்டில் இரு தடங்களுக்கு இடையே 315 கிலோமீட்டர். பல செயற்கைக்கோள்களின் தடங்களைக் கோத்துத்தான் தினசரி வரைபடம் வரைகிறார்கள். ஆறு மாதம் கழித்து ஆராய்ச்சிக்கு வரைந்தால் ஒரு தேதிக்கு முன்னும் பின்னுமான அளவீடுகள் கிடைக்கும். இன்றைக்கே வரைய வேண்டும் என்றால் முந்தைய அளவீடுகள் மட்டும்தான். இணையத்தில் பார்க்கும் அழகான பழைய வரைபடங்களின் தரத்தை இன்றைய வரைபடத்திடம் எதிர்பார்க்கக் கூடாது. 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் செயற்கைக்கோள் ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக, நடுவில் ஒரு சிறு இடைவெளி விட்டு 120 கிலோமீட்டர் அகலப் பட்டையாகவே உயரத்தை அளக்கிறது. சிறு சுழல்கள் முதன்முறையாக முழு உருவத்தோடு தெரிகின்றன. ஆனால் அது அதே இடத்துக்குத் திரும்ப 21 நாள் ஆகிறது.

வெப்பமும் நிறமும்

அகச்சிவப்புக் கதிரை வைத்து அளக்கும் வெப்பம் கடலின் மேல்தோலுக்கு உரியது. தோல் என்றால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. காற்றில்லாத நண்பகலில் அந்தத் தோலும் அதன் கீழ் உள்ள மெல்லிய நீரும் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகச் சுடும், மாலையில் கலைந்துவிடும். இதைக் கவனிக்காமல் பகல் படத்தையும் இரவுப் படத்தையும் கலந்தால், இல்லாத இடத்தில் வெப்ப எல்லை தோன்றும். எனவே இரவுப் படம் அல்லது காற்று நொடிக்கு 6 மீட்டருக்கு மேல் வீசிய பகல் படம்தான் பாதுகாப்பு. மேகம் இருந்தால் அகச்சிவப்பு எதையும் பார்க்காது. மைக்ரோஅலை மேகத்தைத் துளைக்கும், ஆனால் அதன் ஒரு புள்ளி பல பத்து கிலோமீட்டர், கரையருகே பயன்படாது. இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் அரை மணிக்கு ஒருமுறை பார்ப்பதால் மேகம் விலகும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

நிறத்தில் இருந்து பச்சையத்தை, அதாவது தாவர மிதவையுயிரிகளின் அளவைக் கணக்கிடுகிறார்கள். பச்சையம் நீல ஒளியை விழுங்கும், பச்சை ஒளியை அவ்வளவாக விழுங்காது. ஆகவே நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதம் குறைந்தால் பச்சையம் கூடுதல். இந்தியாவின் ஓஷன்சாட்-2 2009இலும் ஓஷன்சாட்-3 2022 நவம்பரிலும் ஏவப்பட்டன. முன்னதில் கடல் நிறத்தை அளக்கும் நிறமானிக்கு 8 ஒளிப்பட்டைகள், பின்னதில் 13. விண்ணில் கருவிக்கு வந்து சேரும் ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வளிமண்டலத்திலிருந்து சிதறியது. கடலிலிருந்து வருவது மீதிதான். வளிமண்டலத்தைக் கழிப்பதில் ஒரு விழுக்காடு தவறினால் கடல் கணக்கில் அது பத்து விழுக்காடு.

அதைவிட நம் பக்கம் தொல்லை தருவது சேறு. பாக் நீரிணையை ஒட்டிய விரிகுடாவில் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள். காற்று கொஞ்சம் வலுத்தால் அடிமண் கலங்கும், தெளிந்த நாளில் அடித்தரையே மின்னும். இரண்டையும் கணிப்பு வாய்ப்பாடு பச்சையம் என்று எடுத்துக்கொள்ளும். கோதாவரி, கிருஷ்ணா வெள்ளம் வரும்போது ஆற்று நீரின் பழுப்பு நிறமும் அப்படியே. 20 மீட்டர் ஆழத்துக்குக் குறைவான இடங்களில் பொதுவான பச்சைய வரைபடத்தை வைத்து முடிவு எடுக்காமல் இருப்பதே நல்லது.

மீன் எல்லைக்கோடு வரைவது

படத்திலிருந்து உகந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலை இப்படி நடக்கும். மேகம் மறைத்த புள்ளிகளை நீக்குகிறார்கள். நீக்கும்போது மேகத்தின் ஓரத்தில் இரண்டு மூன்று புள்ளி கூடுதலாக வெட்ட வேண்டும், இல்லையென்றால் மேக ஓரமே குளிர்ந்த நீர் போலத் தோன்றிப் பொய் எல்லையாகிவிடும். பிறகு 3க்கு 3 அல்லது 5க்கு 5 புள்ளிச் சல்லடையால் இரைச்சலைக் குறைத்து, வெப்பம் எங்கே சட்டென்று மாறுகிறது என்று தேடுவார்கள். எளிய வழி, பக்கத்துப் புள்ளிகளின் வித்தியாசத்தை அளப்பது. இன்னும் உறுதியான வழி ஒன்று உண்டு: 32க்கு 32 புள்ளி சதுரத்துக்குள் வெப்பநிலைகள் இரண்டு தனிக் கூட்டங்களாகப் பிரிகின்றனவா என்று பார்த்து, இரு கூட்டமும் சந்திக்கும் கோட்டை எல்லையாக எடுப்பது. அந்தக் கோட்டோடு பச்சைய எல்லையும் ஒட்டி வந்தால்தான் இடம் தேறுகிறது.

காரணம் உணவு. குளிர்ந்த நீர் மேலே வருகிற இடத்தில் உப்புச் சத்துகள் வரும், மிதவையுயிரிகள் பெருகும், அவற்றைத் தின்னும் சிற்றுயிர்கள் ஓட்டங்கள் கூடும் இடத்தில் ஒதுங்கும், மீன் பின்தொடரும். இதில் கால இடைவெளி இருக்கிறது. சாளை தாவர மிதவையுயிரிகளையே நேராக மேயும், அதனால் பச்சை தெரிந்ததும் விரைவாக வந்துவிடும். சூரைக்கு நடுவில் இன்னும் இரண்டு படி உண்டு. நேற்று தோன்றிய எல்லையைவிட ஒரு வாரத்துக்கு மேல் நிலைத்து நிற்கும் எல்லையே சூரைக்கு நல்லது. வரைபடம் காட்டுவது மேய்ச்சல் நிலத்தை, மாட்டை அல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘சொன்ன இடத்தில் மீன் இல்லை’ என்று கோபப்படுவது உண்டு. நியாயமான கோபமும் ஒன்று இருக்கிறது: அறிவிப்பு கைக்கு வரும்போது படம் பழையதாகிவிடுகிறது.

பழமை எவ்வளவு கெடுக்கும் என்று பாருங்கள். நொடிக்கு அரை மீட்டர் ஓட்டத்தில் நீர் மூன்று நாளில் 130 கிலோமீட்டர் போய்விடும். மேகத்தால் வந்த ஓட்டைகளை அடைக்க மூன்று நாள், எட்டு நாள் படங்களைச் சராசரி எடுக்கும் பழக்கம் இருக்கிறது. வேகமான கடலில் அந்தச் சராசரி எல்லையைத் தேய்த்துவிடும். ஓட்டத்தோடு ஓட்டிப் பார்த்து ‘இந்த எல்லை இன்று மாலை எங்கே இருக்கும்’ என்று நகர்த்திக் கொடுப்பதே சரி. அதற்குத்தான் கணினிக் கடல் தேவைப்படுகிறது.

கணினிக்குள் ஓடும் கடல்

கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், உப்புத்தன்மை, இரு திசை வேகம், கடல்மட்டம் ஆகியவற்றை இயற்பியல் விதிகளால் அடுத்த நொடிக்கு நகர்த்தும் கணக்குக்குப் பெயர்தான் ‘மாதிரி’. துலூஸில் உள்ள மெர்காட்டோர் ஓஷன் நிறுவனம் ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் கடல் சேவைக்காக உலகம் முழுவதையும் ஒரு டிகிரியில் பன்னிரண்டில் ஒரு பங்கு கட்டத்தில், 50 அடுக்காக, தினமும் 10 நாள் முன்னே ஓட்டுகிறது. இன்காய்ஸ் இந்தியப் பெருங்கடலுக்கு ரோம்ஸ் என்ற மாதிரியை ஓட்டுகிறது. கரையோரத்துக்கு இன்னும் நெருக்கமான கட்டங்கள் உண்டு.

ஒரு டிகிரியில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால் இங்கே 9 கிலோமீட்டர். 4000 மீட்டர் ஆழக் கடலில் நீள அலை நொடிக்கு 200 மீட்டர் ஓடும், ஒரு கட்டத்தை 45 நொடியில் கடந்துவிடும். கணக்கு ஒரே தாவலில் முன்னேறும் நேரம், அதாவது காலப் படி, அதைவிடப் பெரிதாக இருந்தால் கணக்கு வெடித்துவிடும். அதனால் கடல்மட்ட அலையைத் தனியாகச் சிறு படிகளில் ஓட்டி, மெதுவாக மாறும் உள் அடுக்குகளைச் சில நிமிடப் படியில் ஓட்டுகிறார்கள். காற்று, வெயில், மழை ஆகியவற்றை வானிலை மாதிரி தருகிறது. நான்காம் நாள் காற்று தவறினால் நான்காம் நாள் மேற்பரப்பு ஓட்டமும் தவறும். கடல் மாதிரியை அதற்காகத் திட்டிப் பயனில்லை.

இனி வாத்தியார் வேலை: தரவு உள்வாங்கல், அதாவது அளவீட்டை வைத்து மாதிரியைத் திருத்துவது. ஓரிடத்தில் மாதிரி 28.6 டிகிரி என்கிறது, அதன் வழக்கமான பிழை 0.6. செயற்கைக்கோள் 28.0 என்கிறது, அதன் பிழை 0.4. பிழையின் இருபடியை வைத்து எடை போட்டால் செயற்கைக்கோள் பக்கம் 69 விழுக்காடு சாயும். திருத்திய விடை சுமார் 28.2, அதன் பிழை 0.33. தனித்தனியாக இரண்டையும்விட நல்ல விடை. இதை லட்சக்கணக்கான கட்டங்களில் ஒரே நேரத்தில் செய்வதும், ஓர் இடத்து அளவீடு பக்கத்து இடங்களையும் கீழ் அடுக்குகளையும் எவ்வளவு திருத்தலாம் என்று தீர்மானிப்பதும்தான் கலை. சற்றே வேறுபட்ட பல கடல்களை ஒரே சமயத்தில் ஓட்டி, அவை எங்கே சிதறுகின்றன என்பதிலிருந்து மாதிரியின் பிழையை அன்றன்றைக்குக் கண்டுபிடிப்பது ஒரு முறை. இன்காய்ஸின் ரோம்ஸ் அமைப்பு அந்த வழியில் போகிறது.

கீழ் அடுக்கைத் திருத்துவதில்தான் உயரமானியின் உண்மையான மதிப்பு. மேலே சூடான இலகு நீர், கீழே குளிர்ந்த கனமான நீர், நடுவே வெப்பச்சரிவு அடுக்கு. மேல் அடுக்கு தடித்தால் கடல்மட்டம் சற்று உயரும். நம் பக்கம் கடல்மட்டம் 1 சென்டிமீட்டர் உயர்ந்தால் வெப்பச்சரிவு ஏறக்குறைய 2 முதல் 4 மீட்டர் இறங்கியிருக்கும். 10 சென்டிமீட்டர் மேடு தெரிந்தால், கீழே முப்பது மீட்டர் அளவுக்குச் சூடான நீர் கூடுதலாகத் திரண்டிருக்கிறது என்று பொருள். புயல் வலுப்பெறுமா என்று பார்ப்பவர்கள் 26 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் எவ்வளவு ஆழம் வரை இருக்கிறது என்று தேடுவது இதற்காகவே. இதைச் சரிபார்க்க உலகக் கடல்களில் ஏறக்குறைய 4000 ஆர்கோ மிதவைகள் அலைகின்றன. 1000 மீட்டரில் தங்கி, 10 நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் வரை இறங்கி, மேலே வரும் வழியில் வெப்பத்தையும் உப்பையும் அளந்து அனுப்பும்.

வங்காள விரிகுடாவில் எங்கே சறுக்கும்

இந்தக் கடல் உப்பால் ஆளப்படும் கடல். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி நீரும் மழையும் சேர்ந்து வடக்கே மேலே நன்னீர்ப் போர்வை போர்த்தியிருக்கும். குளிர்காலத்தில் அந்தப் போர்வை மட்டும் குளிர்ந்து, கீழே வெதுவெதுப்பான நீர் சிக்கிக் கிடக்கும். மேல்தோலை மட்டும் பார்க்கும் செயற்கைக்கோள் ‘குளிர்ந்துவிட்டது’ என்கிறது. மாதிரி அதை நம்பி முழு அடுக்கையும் குளிர்வித்தால், கீழே உள்ள வெப்பம் கணக்கிலிருந்து காணாமல் போகும். உப்பை விண்ணிலிருந்து அளக்கும் ஸ்மோஸ், ஸ்மாப் செயற்கைக்கோள்களின் புள்ளி சுமார் 40 கிலோமீட்டர், கரையருகே மங்கல். ஆற்று நீர் வரத்தைப் பல மாதிரிகள் பல வருடச் சராசரியாகவே கொடுக்கின்றன. வெள்ள ஆண்டில் அது பொருந்தாது.

கிழக்குக் கரையோர நீரோட்டம் பிப்ரவரி முதல் மே வரை வடக்கே ஓடும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே திரும்பும். கடற்கரையில் நீவாடு என்று சொல்வதன் பெரிய வடிவம் இது. இந்தத் திருப்பம் நடக்கும் வாரங்களில் முன்கணிப்பு அதிகம் தடுமாறும். ஓட்டம் ஒழுங்காக ஓடும் மாதங்களில், நேற்றைய நிலையை இன்றைக்கும் சொன்னாலே ஓரளவு சரியாக இருக்கும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் காற்று தள்ளும் ஓட்டம் இலங்கையைச் சுற்றி வளைந்து வரும்போது தீவுக்குக் கிழக்கே குளிர்ந்த நீர் மேலெழும் ஒரு பெரிய சுழல் உருவாகும். கன்னியாகுமரி முனையிலும் இலங்கையின் தென்கரையிலும் அதே மாதங்களில் மேலெழுச்சி, பச்சையம், மீன். அதே மாதங்களில்தான் மேகமும் மூடிக்கிடக்கும். உணவு அதிகமாக இருக்கும்போது நிறமானி குருடாக இருப்பது நம் கடலின் தலையெழுத்து.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சில மீட்டர் ஆழமே உள்ள மணல் திட்டுகள். 9 கிலோமீட்டர் கட்டத்தில் அதை ஒன்று சுவராக அடைக்க வேண்டும், அல்லது அகலமான கால்வாயாகத் திறக்க வேண்டும். இரண்டும் தவறு. பாம்பன் கால்வாய் அந்தக் கட்டத்தில் இருக்கவே இருக்காது. உலக மாதிரியில் பாக் விரிகுடாவின் அம்புக்குறிகளைப் பார்த்து யாராவது முடிவெடுத்தால் தயங்காமல் தடுக்கலாம்.

உயிரினங்களைக் கணக்கில் சேர்த்தால்

ஓட்ட மாதிரியின் மேல் உயிரியல் மாதிரி ஏறும். எளிய வடிவத்தில் நான்கு பாத்திரங்கள்: சத்து உப்பு, தாவர மிதவையுயிரி, விலங்கு மிதவையுயிரி, மக்கும் கழிவு. வெளிச்சமும் சத்தும் இருந்தால் இரண்டாவது வளரும், மூன்றாவது அதைத் தின்னும், இறந்தவை நான்காவதாகிக் கீழே மூழ்கும், மக்கி மறுபடி முதலாவதாகும். மெர்காட்டோரின் உலக உயிரியல் கணக்கு பிஸ்கெஸ் மாதிரியில் ஓடுகிறது. கட்டம் கால் டிகிரி, அதாவது ஓட்ட மாதிரியைவிட மூன்று மடங்கு பருமன்.

இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று. கடல்மட்டத்தையும் வெப்பத்தையும் ஒரேயடியாகத் திருத்தும்போது மாதிரியின் சமநிலை குலைந்து, நீர் சில மணி நேரம் மேலும் கீழும் ஆடும். வெப்பநிலைக்கு அது பெரிய சேதம் இல்லை. உயிரியலுக்கு ஆழத்துச் சத்தெல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும், அடுத்த சில நாளில் இல்லாத பசுமை பூக்கும். ஓட்டத்தைச் சரிசெய்யச் செய்ய உயிரியல் கெடுவது புதிதாக வருபவர்களைத் திகைக்க வைக்கும். மருந்து: திருத்தத்தை ஒரே நொடியில் கொட்டாமல், நாட்கணக்கில் சிறுசிறு துளியாகக் கலப்பது.

பச்சையத்தை உள்வாங்கும்போது எண்ணை அப்படியே எடுக்காமல் மடக்கை எடுக்க வேண்டும். நடுக்கடலில் கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம், கரையருகே 5. நேரடி எண்ணில் திருத்தினால் கரை எல்லாவற்றையும் ஆக்கிரமிக்கும், நடுக்கடலில் எதிர்மறைப் பச்சையம்கூட வந்துவிடும். இன்னொன்று: செயற்கைக்கோள் பார்ப்பது பச்சையம், மாதிரி கணக்கிடுவது உயிர்ப்பொருள். மங்கிய ஒளியில் வாழும் செல் அதிகப் பச்சையம் வைத்துக்கொள்ளும். பச்சையம் கூடியது என்றால் உயிர் பெருகியது என்று எப்போதும் பொருளில்லை.

எந்த இனம் என்பது இன்னும் கடினம். 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் மன்னார் வளைகுடா பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கின. காரணம் நாக்டிலூகா என்ற இரவில் ஒளிரும் உயிரி. நீலம்-பச்சை விகிதத்தில் அதுவும் பச்சையம், சாளை மேயும் நல்ல மிதவையுயிரியும் பச்சையம். 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட நாசாவின் பேஸ் செயற்கைக்கோள் ஒளியை 5 நானோமீட்டர் இடைவெளியில் பிரித்துப் பார்ப்பதால், இனவாரியாகப் பிரிக்கும் முறைகள் இப்போதுதான் உருவாகி வருகின்றன.

உயிர்ச்சூழல் முன்கணிப்பில் நன்றாகப் பலித்தது, உயிரியலே இல்லாத ஒன்று என்பது வேடிக்கை: பவளம் வெளுப்பது. ஓரிடத்தின் வழக்கமான மிகச் சூடான மாதச் சராசரியைவிட வெப்பம் 1 டிகிரியாவது கூடினால், கூடிய அளவைக் கடந்த 12 வாரத்துக்குக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். ஒன்றரை டிகிரி கூடுதல் நான்கு வாரம் நின்றால் கணக்கு 6. நான்கைத் தொட்டால் வெளுக்கும், எட்டைத் தொட்டால் சாவு தொடங்கும். மன்னார் வளைகுடாவின் 2010, 2016 வெளுப்பு இப்படி வெப்பம் குவிந்த ஆண்டுகளில்தான் நடந்தது. ஒரு எச்சரிக்கை: 5 கிலோமீட்டர் புள்ளி, தீவுக்கும் கரைக்கும் நடுவே தேங்கிய ஆழமற்ற நீரின் சூட்டைக் குறைத்தே காட்டும். கணக்கு 3 என்று இருக்கும்போதே அங்கே வெளுத்திருக்கலாம்.

வீட்டிலிருந்து செய்து பார்க்க

முடியும், சாதாரண மடிக்கணினி போதும். கோப்பர்னிகஸ் கடல் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து உலக முன்கணிப்பைத் திறந்து, கிழக்கு 78 முதல் 90, வடக்கு 5 முதல் 16 வரை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். அந்தச் சதுரத்தில் 145க்கு 133 கட்டம், 50 அடுக்கு. ஒரு நாளின் ஒரு மாறிக்கு 4 எம்பி கூட வராது. வெப்பம், உப்பு, இரண்டு வேகங்கள் என நான்கு மாறி, 10 நாள் எடுத்தாலும் 160 எம்பிக்குள் அடங்கும். கோப்பு நெட்சிடிஎஃப் வடிவில் வரும். பைத்தானில் எக்ஸ்அரே நூலகத்தால் திறக்கலாம். நிரல் வேண்டாம் என்றால் பனோப்ளி என்ற இலவச மென்பொருள் போதும்.

மிதக்கும் பொருள் எங்கே போகும் என்று பார்க்க ஓப்பன்டிரிஃப்ட், ஓஷன்பார்சல்ஸ் என்ற திறந்த மென்பொருள்கள் உண்டு. ஒரு புள்ளியை மட்டும் விடாதீர்கள். ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஆயிரம் புள்ளி விட்டு, பத்து நிமிடப் படியில் ஓட்டி, எவ்வளவு பரவுகிறது என்று பாருங்கள். எண்ணெய் என்றால் நீரோட்டத்தோடு காற்றின் வேகத்தில் 3 விழுக்காட்டைச் சேர்க்க வேண்டும். நொடிக்கு 10 மீட்டர் காற்று தனியாகவே நொடிக்கு 30 சென்டிமீட்டர் தள்ளும். தினசரிச் சராசரி ஓட்டத்தை இதற்கு எடுப்பது தவறு. சென்னை அட்சரேகையில் காற்று தட்டிவிட்ட நீர் 53 மணி நேரத்துக்கு ஒருமுறை வட்டமடிக்கும், தினசரிச் சராசரி அந்த வட்டத்தைச் சிதைத்துவிடும், ஏற்றவற்றத்தையும் அழித்துவிடும். மணிவாரி மேற்பரப்பு ஓட்டம் தனியாகக் கிடைக்கிறது, அதை எடுங்கள்.

முதல் வாரத்தில் எல்லோரும் செய்யும் பிழைகள்: கோப்பின் நேரம் உலக நேரம், அதன் 0 மணி நமக்குக் காலை ஐந்தரை. காற்றின் திசை அது எங்கிருந்து வருகிறது என்பது, வாடைக்காற்று வடக்கிலிருந்து வருவதுபோல. நீரோட்டத்தின் திசையோ எங்கே போகிறது என்பது. இந்த இரண்டையும் குழப்பினால் எண்ணெய்ப் படலம் எதிர்க்கரைக்குப் போகும். வேகம் நொடிக்கு மீட்டரில் இருக்கும், ‘நாட்’ (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்குக்கு மாற்ற 1.94ஆல் பெருக்க வேண்டும். பச்சையத்துக்கு நேர்கோட்டு வண்ண அளவு வைத்தால் கரை மட்டும் சிவந்து, கடல் முழுக்க ஒரே நீலமாகத் தெரியும்.

பிறகு சோதனை. இன்றைய முன்கணிப்பைச் சேமித்து வையுங்கள், ஐந்து நாள் கழித்து அந்த நாளுக்கான திருத்திய நிலையோடு ஒப்பிடுங்கள். கூடவே ‘இன்றைய நிலையே ஐந்து நாள் கழித்தும் இருக்கும்’ என்ற சோம்பேறிக் கணிப்பையும் ஒப்பிடுங்கள். சோம்பேறியைத் தோற்கடிக்காத மாதிரிக்கு அந்த இடத்தில், அந்த மாதத்தில் வேலையில்லை. சுழல் சரியான உருவத்தில் 50 கிலோமீட்டர் தள்ளி அமைந்தால் சாதாரணப் பிழைக்கணக்கு இரண்டு முறை அபராதம் போடும், இருக்கும் இடத்தில் இல்லை என்று ஒன்று, இல்லாத இடத்தில் இருக்கிறது என்று இன்னொன்று. மீனவருக்கும் மீட்புப் படகுக்கும் அந்த முன்கணிப்பு வெறுமையான வரைபடத்தைவிட எவ்வளவோ மேல். எனவே எண்ணோடு படத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

திருத்திய நிலையும் அதே மாதிரியின் பிள்ளைதான் என்பதால், வெளிச் சாட்சி ஒன்று வேண்டும். கல்பாக்கத்திலும் கடலூரிலும் உள்ள கரையோர ரேடார்கள் மணிக்கு ஒருமுறை மேற்பரப்பு ஓட்டத்தை அளக்கின்றன. அதற்கு அப்பால் ஆர்கோ. உங்கள் சதுரத்துக்குள் ஒரு மிதவை மேலெழுந்த நாளைத் தேடி எடுத்து, அதன் 100 மீட்டர் வெப்பநிலையை மாதிரியின் அதே நாள், அதே இட எண்ணோடு ஒப்பிடுங்கள். மேற்பரப்பில் இரண்டும் பெரும்பாலும் நெருக்கமாக ஒத்துப்போகும், ஏனென்றால் அங்கே செயற்கைக்கோள் திருத்திக்கொண்டே இருக்கிறது. 100 மீட்டரில் இரண்டு டிகிரி விலகினால் வெப்பச்சரிவு அடுக்கு தவறான ஆழத்தில் இருக்கிறது என்று பொருள். அந்த வாரம் அந்த இடத்தின் நீரோட்ட அம்புகளையும், அவற்றின் மேல் ஏறிய பச்சையக் கணிப்பையும் ஒதுக்கிவிட்டு, தேதி பார்த்து அன்றைய செயற்கைக்கோள் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.